நாய் முதலாளியின் குரல்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட வீட்டுக்கு வந்தேன். குசினித் தரையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாளாக்கும் என்று பதறி ஓடினால், அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சத்தமில்லாத சிரிப்பு. தோள் குலுங்குகிறது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. ஒரு கை அடுப்புக் கட்டைப் பிடித்திருக்கிறது, மற்றக் கையில் போன். அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் மணம்.

"என்ன நடந்த?" என்று கேட்டேன்.

என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். "ஒண்டுமில்ல. தம்பி ஒரு வீடியோ அனுப்பிரிக்கான். கைய கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளைச் சிரிக்கவைப்பது என் பொறுப்பு என்று நினைத்திருந்தவன் நான். என் பகிடிக்கு அவள் உதட்டை மடித்துச் சிரிப்பாள். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை, சிரிப்பும் அளவாகத்தான் வரும் என்று நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். தரையில் உட்கார்ந்து சிரிக்கக்கூடியவள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் செய்தது நானல்ல என்பதும் கூடவே தெரிந்தது.

சாப்பிட்டு முடித்து, அவள் தொழப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். முதல் படத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். அது என்னுடைய படம்.

என்னுடையது என்றால், நான் எடுத்ததல்ல. நூறு வருடத்துக்குக் கிட்ட ஆகியிருக்கும், வெள்ளைக்காரர்கள் கையால் வரைந்து ஓடவிட்ட கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். ஆட்களுக்குக் கைகால் ரப்பர் மாதிரி வளையும், ஒரு சொல்லும் பேசமாட்டார்கள், பின்னால் வாத்தியம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாய் சாப்பாட்டுக்கடை நடத்துகிறது. தொந்தியும் மேற்சட்டையுமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து திரியும். அதற்கு ஒரு மெலிந்த பூனை வேலையாள். சாப்பிட வருகிற ஆனை தும்பிக்கையை விட்டு அண்டா சூப்பையும் உறிஞ்சிவிடும். மேசைகள் காலை எடுத்து வைத்து வெளியே நடக்கும். கடைசியில் மழை கொட்ட, கடைக் கட்டடமே பாவாடையைத் தூக்கிப் பிடித்த கிழவி மாதிரி தன் அடிப்பாகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், பின்னால் நாய் ஓடும். ஏழெட்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஊரடங்கு போட்டு எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த காலத்தில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தவன் நான். மகள் அப்போது சின்னப் பிள்ளை. மனைவியின் தம்பி, என் மச்சினன், எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு எங்களோடேயே இருந்தான். அஸர் தொழுத பிறகு படத்தை ஓடவிட்டு, பேசாத மிருகங்களுக்கெல்லாம் நான் குரல் கொடுப்பேன். நாய்க்குக் கொழும்புத் துரை மாதிரி ஒரு குரல், பூனைக்கு ஒரு கீச்சுக் குரல். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மச்சினன் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அதிகம் கதைக்காதவன். புத்தளம் டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. அவன் மூளைக்குள் என்ன ஓடுகிறது என்று நான் யோசித்துப் பார்த்ததேயில்லை.

இப்போது அவன் அதே படத்துக்குத் தானே குரல்கள் போட்டு, ஒழுங்காகப் பொருத்தி அனுப்பியிருக்கிறான். கடை மதுரங்குளிச் சந்திக்கு வந்துவிட்டது. பூனை மன்னார்ப் பாஷை கதைக்கிறது. ஆனை ஆணமடுவப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பாதி சிங்களத்தில் "அனே மொதலாளி" என்று கெஞ்சுகிறது. மூன்று வாத்துகள் கற்பிட்டிக் கலியாணத்துக்குப் போகிற பொம்பிளைகள். நாய் முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசை நடந்து போவதைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறது: "நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா, இந்த மேச எங்க போவுது எண்டு ஆராவது கேட்டீங்களா?"

நான் சிரிக்கவில்லை. முழுவதையும் பார்த்தேன், திரும்ப ஒருமுறை பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. அதுதான் வயிற்றில் எரிந்தது.

"எப்பிடி?" என்று தொழுதுவிட்டு வந்த மனைவி கேட்டாள்.

"பரவால்ல" என்றேன். "இது நான் செஞ்சதுதானே. அவன் களவெடுத்திரிக்கான்."

"நீங்க செஞ்சது வேற" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேற என்றால் என்ன வேற என்று அன்றைக்கு முழுக்க மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து விருந்துகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதைச் சஹன் என்பது. என் சஹனில் உட்காரச் சொந்தக்காரர்களுக்குள் போட்டி நடக்கும். நான் கதை சொல்வேன், சுற்றி இருப்பவர்களுக்குச் சோறு புரைக்கேறும். கடைத்தெருவிலும் அப்படித்தான். மதுரங்குளியில் என் ஹார்ட்வெயார் கடைக்கு ஆணி வாங்க வருகிறவன்கூட இரண்டு கதை கேட்டுவிட்டுத்தான் போவான். நல்ல உடம்பு, நல்ல குரல் என்று சிலருக்குப் பேர் இருக்குமே, அதுபோலப் பகிடிக்காரன் என்று எனக்கு ஒரு பேர். வேறு பெரிய பேர் ஒன்றும் எனக்கு இல்லை.

அந்த வீடியோ இரண்டு மூன்று கிழமைக்குள் போனுக்குப் போன் தாவி ஊரெல்லாம் பரவிவிட்டது. பஸ்ஸில் கொண்டக்டர் "அனே மொதலாளி" என்று மிச்சக் காசு கொடுக்கிறான். பாண் வாங்கப் போனால் பேக்கரிக்காரர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கடைக்கு வருகிறவர்கள் குழாயைக் கையில் எடுத்து, "நான் ஒண்டும் சொல்லல்ல, ஆனா இது ஒழுகுமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். கடையில் கணக்குப் பார்க்கிற பெரியவர் மட்டும் அந்த நேரத்தில் குனிந்து மேசை லாச்சியைத் துழாவுவார். ஏன் துழாவுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பள்ளிவாசல்துறையில் ஒரு வலீமா விருந்து. மாப்பிள்ளை மீன்பிடிக்காரக் குடும்பம், என் தூரத்துச் சொந்தம். சஹன் வைத்தாயிற்று. நான் வழக்கம்போலத் தொடங்கினேன், ஒருவர் ஒரு பெயின்ட் வாளியை மூன்றுதரம் மாற்றிக்கொண்டு போன கதை. நல்ல கதை, எங்கே சொன்னாலும் எடுபடும். கதை நுனிக்கு வரும்போது பக்கத்துச் சஹனில் வெடித்தது சிரிப்பு. ஒருவன் போனைத் தட்டில் சாத்திவைத்திருந்தான். என் சஹனில் இருந்தவர்களின் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. கதையின் நுனி என் வாயிலேயே நின்றுவிட்டது.

கை கழுவும் இடத்தில் ஒரு வயசாளி என் தோளைத் தொட்டார்.

"தம்பி, நீங்கதானா அந்த நாய்ட மச்சான்?"

"நாய்க்குக் குரல் குடுக்கிறவர்ட மச்சான்" என்றேன்.

"ஓம் ஓம், அதுதான். மாஷா அல்லாஹ். வீட்டுல ஒரே சிரிப்பா இரிக்கும் என்ன?"

ஒரே சிரிப்புத்தான். மனைவியும் மகளும் முன்னறையில் அடுத்தடுத்து உட்கார்ந்து அதைத்தான் பார்ப்பார்கள். நான் உள்ளே வந்தால் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தம் எனக்குச் சிரிப்பைவிட மோசமாகக் கேட்டது. எனக்கு மரியாதைக்காக மூடுகிறார்கள், பாவம் என்று நினைக்கிறார்கள் என்று பட்டது. மச்சினனை நினைத்தாலே பொருமல். சுவரில் சாய்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன், என் படத்தையும் எடுத்துக்கொண்டான், என் மனைவியின் சிரிப்பையும் எடுத்துக்கொண்டான் என்று தோன்றும். அவள் அவனுடைய தாத்தா, அதாவது மூத்த அக்காள்; அக்காள் தம்பி சேர்ந்து சிரிப்பதில் என்ன குறை என்று புத்தி சொல்லும். புத்தி சொல்வதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தில்லையடியில் மச்சினன் வீட்டுக்குப் போனேன். மச்சினன் தன் அறையில் அடுத்த பகுதி செய்துகொண்டிருந்தான். அதே கடை, வேறு வாடிக்கையாளர்கள். வெளிச் சத்தம் கேட்காமலிருக்க அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, மேலே படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டுத்தான் பேசுகிறானாம்.

"எனக்கும் ஒரு ஆளத் தா" என்றேன். பகிடியாகச் சொல்வதுபோலத்தான் தொடங்கினேன். "தொடங்கினவன் நான்தானே."

அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. "ஓம் மச்சான், அதுக்கென்ன" என்றான். யோசித்துவிட்டு, "ஆடு ஒண்டு வருது. அதப் பேசுங்க" என்றான்.

ஆட்டுக்கு ஒரே ஒரு வசனம். 'தம்பி, இந்தச் சூப்புல ஒரு இலையாவது இரிக்கா?' நான் அலுமாரிக்குள் தலையை விட்டேன். பூச்சி உருண்டை மணம். என் வாயிலிருந்து பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக் குரல் வந்தது. திரும்பச் சொன்னேன், இன்னும் மோசம். கீச்சென்று சொன்னேன், மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வானொலிச் செய்தி மாதிரி இரிக்கி மச்சான்" என்று மெதுவாகச் சொன்னான் மச்சினன். "சும்மா கதைக்கிற மாதிரி கதைங்க."

"சும்மாதானே கதைக்கிறேன்?"

அவன் உள்பக்கம் திரும்பினான். தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். அந்த ஆட்டை அவன் போடப்போவதில்லை என்பது எனக்குத் தேத்தண்ணீர் வரும்போதே தெரிந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில், உப்பளத்துப் பக்கம் காற்று முகத்தில் அடிக்க, பின்னாலிருந்து மகள் என் காதருகே வந்தாள்.

"வாப்பா, ஆடு உங்களுக்குச் சரிவராது."

"அப்ப எது சரிவரும்?"

"நாய்தானே நீங்க."

மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்தி இறங்கினேன். "என்ன சொன்ன?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அந்த நாய் முதலாளி நீங்கதானே வாப்பா. மாமா உங்கள மாதிரித்தானே கதைக்கிறார். உங்களுக்குத் தெரியாதா? எங்கட கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஒண்டும் சொல்லல்ல, ஆனா. அது என் பேச்சு. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேனோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். குழாயைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், லாச்சிக்குள் முகத்தை ஒளித்த பெரியவர், நாய்ட மச்சானா என்று கேட்ட வயசாளி, எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். என் கைகளைத் தேடினேன். ஹாண்டிலை விட்டுவிட்டு அவை எப்போதோ முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"அந்த நாய் நானா?"

உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஓம்" என்றாள்.

"அப்ப இவ்வளவு நாளும் என்னைப் பாத்துத்தான் சிரிச்சிரிக்கீங்க."

"உங்களப் பாத்துச் சிரிக்க ஏலுமா? கோவிச்சிக்குவீங்க. நாயப் பாத்துச் சிரிக்கலாம்" என்றாள். உடுப்பை மறுபடி மடித்தபடி, "நீங்க பகிடி விடக்குள்ள ஒரு ஆளா மாறிருவீங்க. அப்ப எனக்குச் சிரிப்பு வாறல்ல. மிச்ச நேரத்துலதான் வரும். பைப் ஒழுகினா, பூன உள்ளுக்கு வந்தா, மழ பேஞ்சா, கையப் பின்னால கட்டிக்கிட்டு நிண்டு ஒரு கத சொல்லுவீங்களே, அதுக்கு நான் குசினிக்குள்ள போய்த்தான் சிரிக்கிறது. கலியாணம் முடிச்ச காலத்திலேர்ந்து" என்றாள்.

சந்தோஷப்படவேண்டிய இடம் அது. அவளுடைய அந்தப் பெரிய சிரிப்பு எனக்கே உரியதாக இருந்திருக்கிறது. ஆனாலும் எனக்குப் பொறாமை போகவில்லை, இடம்தான் மாறியது. நான் இருந்தும் வராத சிரிப்பு, அவன் என்னைப் போலக் கதைத்தால் வருகிறது. அப்படியானால் நானே அந்த நாய்க்குப் பேசினால்?

அடுத்த ஞாயிறு மறுபடி தில்லையடி. மச்சினன் என்னைக் கண்டு எழும்பி நின்றான். விசயம் எனக்குத் தெரிந்துவிட்டதென்று அவனுடைய தாத்தா சொல்லியிருப்பாள்.

"மச்சான், கோவமா? வேணுமெண்டா எல்லாத்தையும் அழிச்சிர்றேன்."

"அழிக்காத. நாய்க்கு நான் கதைக்கிறேன். என்னப் போல என்னை விட ஆருக்குக் கதைக்க ஏலும்?"

அவன் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டான். மறுபடி அலுமாரி, மறுபடி பூச்சி உருண்டை. படத்தில் நாய் வாயைத் திறக்கும் இடங்களுக்கெல்லாம் நானே பேசினேன். என் சொற்கள், என் குரல். அவன் பேசியதையும் நான் பேசியதையும் இரண்டு படமாகச் செய்து, எது யார் என்று சொல்லாமல் மனைவிக்கும் மகளுக்கும் போட்டுக்காட்டச் சொன்னேன். எங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்தோம்.

முதலில் ஓடியது என் குரல். இருவரும் அமைதியாகப் பார்த்தார்கள். அடுத்து அவன் குரல் வந்தது. மேசை நடக்கிற இடத்தில் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மகள் கதிரையிலிருந்து சரிந்தாள்.

"முதலாவது ஆரு?" என்று கேட்டேன், தெரியாதவன்போல.

"அது ஆரோ புதுசு" என்றாள் மகள். "வாப்பா மாதிரிக் கதைக்கப் பாக்கிறார், ஆனா வருதில்ல."

மச்சினன் போனைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டான். காட்டிக்கொடுக்கவில்லை, அதற்கு நான் நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு அவன்மேல் இருந்தது நன்றி அல்ல. ஒருவன் என்னை விடப் பணக்காரனாக இருக்கலாம், அழகனாக இருக்கலாம். என்னை விட நானாக இருக்கிறானே என்பதை எங்கே கொண்டுபோய் முறையிடுவது?

பிறகு என்னைப் புண்படுத்திவிட்டோம் என்று பயந்தோ என்னவோ, அவன் அடுத்த படத்தில் நாயைக் குறைத்துவிட்டான். ஒரு இடத்தில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. கடைக்கு வந்தவர்கள், "என்ன, முதலாளியக் காணல்ல?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் கவனித்திருந்தேன். அன்று பின்னேரமே போன் எடுத்தேன்.

"நாய் எங்க?"

"மச்சான், நீங்க சங்கடப்படுவீங்க எண்டு..."

"நான் சங்கடம் எண்டு சொன்னனா? ஆக்கள் கேக்கிறாங்க."

"அப்ப ஒண்டு செய்வம்" என்றான். "கடைக்கு வந்து உங்களோட இரிக்கிறேன். கொஞ்ச நாளா உங்கட கதையக் கேக்கல்ல. புதுசா ஒண்டும் கையில இல்ல."

வந்தான். கல்லாப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தேன். நல்ல சட்டை போட்டிருந்தேன் அன்று. வாடிக்கையாளர்களோடு அருமையாகக் கதைத்தேன், ஒவ்வொரு வசனத்தையும் அவன் பக்கம் பார்த்துத்தான் முடித்தேன். பகல் லுஹர் தொழுகைக்குள்ளேயே அவனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"மச்சான், நான் இன்னொரு நாளைக்கி வாறேன்" என்று எழும்பினான். "நான் இரிக்கிறத மறந்துட்டு வேலையப் பாருங்க."

அவன் வருவான் என்று அந்தக் கிழமை முழுக்க எதிர்பார்த்தேன். எதிர்பார்க்கும்போது எப்படி மறப்பது? அவன் வரவுமில்லை. வேலை விட்டதும் கற்பிட்டிப் பக்கம் ஒரு மீன் முதலாளியின் வாடியில், மீன் விற்கிற கொட்டிலில், போய் இருக்கிறான் என்று கடைக் கணக்குப் பெரியவர்தான் சொன்னார். அந்த ஆளின் கதை நல்ல கதையாம்.

கற்பிட்டியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் போனேன். வாடியில் மச்சினன் கவிழ்த்த பெட்டியொன்றில் உட்கார்ந்து, சுவரில்லாத இடமென்பதால் ஒரு கம்பத்தில் சாய்ந்திருந்தான். மீன் முதலாளி ஒல்லியான மனிதர், காதில் பென்சில் செருகியிருந்தார். என்னை வாடிக்கையாளன் என்று நினைத்து, ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாரையை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார்.

"இதக் கொண்டுபோங்க. நல்ல குடும்பத்துப் பாரை. கண்ணப் பாருங்க, என்ன அடக்கம். இதுக்கு முந்தி ஒரு எடத்துலேர்ந்தும் கேட்டு வரல்ல."

மச்சினன் சத்தமில்லாமல் குலுங்கினான், அவனுடைய தாத்தாவைப் போலவே. எனக்கும் வயிற்றிலிருந்து சிரிப்பு மேலே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படி ஒன்றும் பெரிய கதையில்லை என்று எனக்குள் சொன்னேன். அந்த ஆள் தான் என்ன சொல்கிறோம் என்பதே தெரியாமல் அடுத்த ஆளுக்குச் சூடை மீனை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாரையை வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி அதை வெட்டும்போது, "நல்ல மீன். எங்க எடுத்த?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"சந்தியில" என்றேன்.